வாசல்படியில் வைத்த நல்ல தண்ணீர்

டீச்சர்,

உங்கள் தராசு இன்னும் என் கொட்டகையில்தான் தொங்குகிறது. அங்கன்வாடிக்குப் புதுக் கட்டடம் வந்து, பொத்தானை அமுக்கினால் எடை காட்டும் மெஷினும் வந்த பிறகு, வட்ட முகத்தில் முள் ஓடும் இந்தப் பழைய தராசை எடுத்துப்போக யாரும் வரவில்லை. என் தண்ணீர் பிளான்ட்டின் இரும்பு உத்தரத்தில் கொக்கி மாட்டியது நீங்கள்தான். கால் நுழைக்க இரண்டு ஓட்டை வைத்துத் தைத்த நீலத் துணிப்பையைக் கட்டிவிட்டு, "இங்கன நெழலு இருக்கு, காத்து இல்ல. புள்ளைக ஆடாம இருக்கும்" என்றீர்கள்.

காற்று இல்லை என்பது உண்மை. அதுதான் எனக்கு இப்போது உறுத்துகிறது. இன்று சாயங்காலம் மோட்டாரை நிறுத்திவிட்டு ஷட்டரை இறக்கப் போனேன். வெளியே பனை ஓலைகூட அசையவில்லை. பை வெறுமையாகத் தொங்குகிறது. முள் மட்டும் பூஜ்யத்தில் இல்லை. ஒரு கைப்பிள்ளையின் எடையில் நின்றுகொண்டிருந்தது.

நான் எதையும் தொட்டுப் பார்த்து நம்புகிறவள். உப்புக் காற்றுக்கு ஸ்பிரிங் துருப்பிடித்து இழுபட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பையைத் தொட்டேன். அடிப்பக்கம் இளஞ்சூடாக இருந்தது. நாள் முழுக்க வெயில் குடித்த தகரத்துக்குக் கீழே தொங்கும் துணி பிறகு எப்படி இருக்கும், அதையும் சொல்லிக்கொண்டேன். ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவள், உலை வைக்காமல் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நமக்குள் ஆரம்பமே சண்டை. அப்போது எனக்குப் பிளான்ட் கிடையாது, லோடு வண்டி கிடையாது. புருஷன் வெளிநாடு போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்ட பிறகு எனக்கு மிச்சமானது ஒரு தள்ளுவண்டியும் சில பிளாஸ்டிக் குடங்களும்தான். உள்நாட்டுப் பக்கம் நல்ல தண்ணீர்க் கிணற்றில் நிரப்பி, தள்ளிக்கொண்டு வந்து கரைத் தெருவில் விற்பேன். எங்கள் ஊரில் நிலத்தைத் தோண்டினால் உப்புதான் வரும். அடிபம்புத் தண்ணீரில் துணி துவைக்கலாம், பாத்திரம் கழுவலாம், சோப்பு நுரைக்காது. குடிக்கவும் உலை வைக்கவும் குடத்துத் தண்ணீர் வேண்டும். அதை விற்றுத்தான் நான் ஆளானேன்.

ஒருநாள் தெரு நடுவில் என் வண்டியை மறித்து, குடத்துக்குள் கையைவிட்டுத் தடவி, விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினீர்கள்.

"இது என்னத்தா பாசியா, பாயசமா?"

"தண்ணி வேணும்னா வாங்குங்க. இல்லைன்னா வழிய விடுங்க" என்றேன்.

"நான் வாங்க மாட்டேன். உங்கிட்ட வாங்குற வீட்டுப் புள்ளைக எல்லாம் வயித்தால போகுது. நீ கொடத்தக் கழுவுற வரைக்கும் இப்படித்தான் நடுத்தெருவுல நின்னு கத்துவேன். எனக்கு வேற வேல இல்ல."

உங்களுக்கு வேறு வேலை நிறைய இருந்தது. ஆனாலும் தினமும் வந்து கத்தினீர்கள். வியாபாரம் படுத்தது. வேறு வழியில்லாமல் குடங்களை மணல் போட்டுத் தேய்த்து, வாயை மூடித் துணி கட்டினேன். வியாபாரம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. அன்றைக்குத்தான் உங்களைக் கூடவே வைத்துக்கொள்வது லாபம் என்று முடிவு செய்தேன். இதை உங்களிடமே சொல்லியிருக்கிறேன். "எல்லாத்தையும் யாவாரமாத்தான் பார்ப்பியா?" என்று சிரித்தீர்கள். ஆமாம் என்றேன்.

உங்கள் ஊர் உத்தரகோசமங்கை பக்கம். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கழுத்தில் பவுடர் திட்டுத் திட்டாகத் தெரியும். மல்லிகைப்பூ, பூப்போட்ட குடை, தெருமுனையிலிருந்தே வந்துவிடும் அந்தக் குரல். இத்தனை வருஷம் கரைத் தெருவில் வேலை பார்த்தும் கடலில் ஒரு தடவைகூடக் கால் நனைத்ததில்லை. "அது பக்கத்துல போனா என்னமோ பேர் சொல்லிக் கூப்பிடுற மாதிரி இருக்கு" என்பீர்கள். என் கொட்டகைதான் உங்கள் கச்சேரி. பிள்ளைகளைப் பையில் உட்கார வைத்துத் தூக்கிவிட்டு, முள்ளைப் பார்த்துக்கொண்டே தாய்மார்களை வறுத்தெடுப்பீர்கள். காதுக்குள் எண்ணெய் விட்டவளுக்குத் தனித் திட்டு, நகம் வெட்டாதவளுக்குத் தனித் திட்டு. காய்ச்சல் பிள்ளையைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்தவளிடம், "என்ன, கொழுக்கட்டை அவிக்கிறியா?" என்றது இன்றும் தெருவில் பேச்சு. வயிற்றால் போகும்போது பாலை நிறுத்தாதே, தண்ணீரைக் காய்ச்சிக் கொடு, கொல்லைக்குப் போய் வந்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. இந்த மூன்றையும் வணக்கம் சொல்வதுபோலச் சொல்வீர்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் குரல் இறங்கும். அது கரைத் தெருவின் வாசல் செம்பு.

வெளியூர்க்காரர்களுக்கு அது தெரியாது. கடலில் போய் உடல் திரும்பாதவன் உள்ள வீடுகளில், விளக்கு வைக்கும் நேரத்துக்கு வாசல்படியில் ஒரு செம்பு நல்ல தண்ணீர் வைப்பார்கள். கடலில் செத்தவன் தாகத்தோடுதான் சாவான், சுற்றிலும் தண்ணீர் இருந்தும் ஒரு மடக்குக் குடிக்க முடியாமல் போனவன், தேடிக்கொண்டு வீட்டுக்குத்தான் வருவான் என்று நம்பிக்கை. அடிபம்புத் தண்ணீரை அதற்கு வைக்க மாட்டார்கள். உப்பில் செத்தவனுக்கு உப்பையா கொடுப்பது என்பார்கள். காலையில் செம்பில் தண்ணீர் குறைந்திருக்கும். காக்கை குடித்திருக்கும், நாய் நக்கியிருக்கும், வெக்கைக்கு ஆவியாகியிருக்கும். ஆனால் சில வீடுகளில் செம்பின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். உதடு வைத்த இடம்போல ஒரே ஒரு பக்கத்தில். அதை நானும் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருக்கிறீர்கள்.

அந்தத் தெருவில் நடக்கும்போது சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நடப்பீர்கள்.

"இதையெல்லாம் நம்புறீங்களா டீச்சர்?" என்று கேட்டேன்.

"நம்பல. ஆனா தட்டிவிட மாட்டேன்" என்றீர்கள்.

அந்தக் கோடையை எடுத்துச் சொல்ல வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன். மாரியூர் தாண்டிப் போகும் வழியெல்லாம் கிணறுகள் வற்றிக் கிடந்தன. என் பிளான்ட் அப்போதுதான் ஓட ஆரம்பித்திருந்தது, கரண்ட் பாதி நேரம் இருக்காது. வீட்டுக்கு ஒரு குடம் என்று அளந்துதான் கொடுக்க முடிந்தது. முனீஸ்வரி என்னிடம் கேன் கழுவும் வேலை பார்த்தவள். அவள் புருஷன் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவன். புருஷனின் அண்ணன் சேது சில வருஷம் முன்பு ஒரு புயலில் போய், கடல் திருப்பித் தராதவன். முனீஸ்வரிக்கு ஆண் பிள்ளை பிறந்ததும் மாமியார் ராக்கு அந்தப் பெயரையே பேரனுக்கு வைத்தாள். வீட்டில் யாராவது சேது என்று கூப்பிட்டால் தொட்டிலில் கிடக்கும் பிள்ளை திரும்பும். சில நேரம் ராக்கு மட்டும் வாசல் பக்கம் திரும்புவாள்.

பிள்ளைக்கு வயிற்றால் போகிறது என்று முனீஸ்வரி வேலைக்கு வரவில்லை. நீங்கள் போய் ஓ.ஆர்.எஸ். உப்புப் பொடிப் பொட்டலங்களைக் கொடுத்து, தண்ணீரை நன்றாகக் காய்ச்சி ஆறவைத்துக் கலக்கச் சொல்லிவிட்டு வந்தீர்கள். அந்த வாரம் அப்படிப் பல பிள்ளைகள், எல்லாம் தேறிவிட்டன. சேது மட்டும் தேறவில்லை என்று ஆள் வந்து சொன்னதும், என் குட்டியானை லோடு வண்டியில் ஏறி உட்கார்ந்து, "எட்றீ வண்டிய" என்றீர்கள். காலிக் கேன்களைக்கூட இறக்கவில்லை நான்.

வீட்டுக்குள் போகும்போது விளக்கு வைக்கும் நேரம். படியில் செம்பு. நீங்கள் வழக்கம்போலச் சேலையைத் தூக்கிப் பிடித்துத் தாண்டினீர்கள்.

வயிற்றால் போன பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கண் குழி விழுந்து, தோல் சுருங்கி, துவண்டு கிடக்கும். இவன் அப்படி இல்லை. உடம்பு பிசைந்த மாவுபோலத் தொளதொளவென்று இருந்தது. கண்கள் அகலத் திறந்திருந்தன. அழுகை என்று சொல்ல முடியாது, ஆலாப் பறவை கத்துவதுபோல ஒற்றைக் கீச்சுச் சத்தம், நிறுத்தி நிறுத்தி. கண்ணில் ஈரமில்லை. பார்வை நம்மிடம் இல்லை. நம் தோளுக்குப் பின்னால் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் திரும்பிப் பார்த்தேன். செம்பும், அதற்கப்பால் இருட்டிக்கொண்டுவரும் மணலும்தான் இருந்தன.

"ஏத்தா முனீசு, நான் குடுத்த பொடி எங்க? கலக்குனியா, இல்ல பரண்ல தூக்கிப் போட்டியா?"

"கலக்கிக் குடுத்துக்கிட்டேதான் டீச்சர் இருக்கேன். வாய் மூடாமக் குடிக்கிறான். குடிக்கக் குடிக்க இன்னும் கேக்குறான்."

"குடிக்கிற புள்ள இப்படியா கெடக்கும்? தெருவுல அத்தன புள்ளையும் எந்திரிச்சு ஓடுது. பொய் சொல்லாத. சோம்பேறி முண்ட."

முனீஸ்வரி அழ ஆரம்பித்தாள். அப்போதுதான் மூலையில் உட்கார்ந்திருந்த ராக்கு பேசினாள். குரலில் பதற்றமே இல்லை.

"அவளத் திட்டாதீக டீச்சர். அவளும் குடுக்கிறா, நானும் குடுக்கிறேன். குடிக்கிறது நம்ம புள்ள இல்ல."

"பின்ன?"

"எம் மூத்தவன். பேர வச்சோம்ல, உரிமையா வந்துட்டான். செம்புத் தண்ணி பத்தல அவனுக்கு. இந்த வாய் வழியாக் குடிக்கிறான்." சொல்லிவிட்டு டம்ளரையும் கரண்டியையும் எடுத்தாள். பிள்ளையின் உதட்டில் வைத்து, "குடிய்யா சேது, குடி. எத்தன நாள் தாகமோ" என்றாள். பிள்ளை கரண்டியைக் கடித்து இழுத்துக் குடித்தது. ராக்குவின் முகத்தில் இருந்தது பயம் இல்லை, டீச்சர். சந்தோஷம். தொலைந்த மகனுக்குக் கையால் ஊட்டுகிற சந்தோஷம். நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தது அதைப் பார்த்துத்தான்.

நீங்கள் போனை எடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரைக் கூப்பிட்டீர்கள். சின்ன வயசு, கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள், எங்கள் அடிபம்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்தாலே முகத்தைச் சுளிக்கிறவர். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன். பொடி முழுசாகக் கலக்கினார்களா, அளவுத் தண்ணீர்தானா என்று கேட்டுவிட்டு, "எந்தத் தண்ணி?" என்றார்.

"காய்ச்சின தண்ணி சார்."

"அது சரிம்மா. எங்க எடுத்த தண்ணி?"

நீங்கள் ராக்குவின் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கி நாக்கில் வைத்தீர்கள். உடனே வாசலுக்கு ஓடித் துப்பினீர்கள். நானும் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். எனக்கு மருந்து ருசிதான் தெரிந்தது. இந்தக் கரையில் பிறந்த நாக்குக்கு அதற்கு மேல் தெரியாது. முனீஸ்வரிக்கும் தெரிந்திருக்காது.

"எந்தத் தண்ணியிலடி காய்ச்சின?"

"அடிபம்புல டீச்சர். மருந்தே உப்புத்தான, அதுக்கு எதுக்கு நல்ல தண்ணின்னு அத்த சொன்னாக. நீங்க நல்லாக் காய்ச்சச் சொன்னீகன்னு பாதியாச் சுண்டுற வரைக்கும் காய்ச்சினேன்."

"கொடத்துத் தண்ணி?"

"குடிச்ச மிச்சம் வாசலுக்கு."

பிள்ளை மறுபடி கீச்சிட்டது. செத்தவனுக்கு நல்ல தண்ணீர், இருக்கிறவனுக்குக் காய்ச்சிச் சுண்டிய உப்பு. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நீங்கள் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் செய்திருக்கிறாள் அந்தப் பெண். அதுதான் பயங்கரம். போனில் டாக்டர், "ஒரு சொட்டுகூட இனிமே அதைக் குடுக்காதீங்க. ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. நான் சொல்லிவைக்கிறேன்" என்றார்.

ராக்கு பிள்ளையை விடவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு, "எம் மவன் இப்பத்தான் வந்திருக்கான். தாகம் தீர்ற வரைக்கும் எங்கிட்டும் கொண்டு போகக் கூடாது" என்றாள். வேறு யாராவது இருந்திருந்தால் மூடநம்பிக்கை என்று ஒரு பிரசங்கம் வைத்திருப்பார்கள். பிள்ளை அதற்குள் போயிருக்கும். நீங்கள் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தீர்கள்.

"ராக்கு, உம்மவன் எதக் குடிச்சுச் செத்தான்?"

அவள் பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"உப்புத் தண்ணி. இந்தக் கரண்டியில என்ன இருக்கு? அதே உப்புத் தண்ணி. வந்திருக்கிறது அவனாவே இருக்கட்டும். செத்த புள்ளைக்குத் திரும்பவும் அதயே ஊட்டுறியே, தாகம் எப்படித்தா தீரும்?"

ராக்குவின் கை தளர்ந்ததை நான் பார்த்தேன். பிள்ளையை உங்களிடம் தந்துவிட்டு, எழுந்து போய் வாசலில் இருந்த செம்பை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டாள். "நானும் வாரேன். அவனும் வருவான். இது இல்லாம எப்படி" என்றாள். நீங்கள் தடுக்கவில்லை.

வண்டியின் முன்பக்கத்தில் நான், நீங்கள், மடியில் பிள்ளையோடு முனீஸ்வரி. ராக்கு பின்னால் காலிக் கேன்களுக்கு நடுவே. உப்பளத்து ரோட்டில் போகும்போது மேற்கே கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. பாத்திகள் எல்லாம் வெள்ளையாக, எலும்பைப் பரப்பி வைத்ததுபோலக் கிடந்தன. "பால் குடு முனீசு, முடிஞ்ச மட்டும் குடு. அதுல உப்பில்ல" என்றீர்கள். கண்ணாடியில் ராக்கு தெரிந்தாள். செம்பைச் சாய்த்து ரோட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டு வந்தாள். பக்கத்துக் கேனைப் பார்த்துப் பேசிக்கொண்டும் வந்தாள். இடையில் நிறுத்துவாள். பதில் கேட்டுக்கொள்வதுபோல.

ஒரு செம்புத் தண்ணீர் எவ்வளவு தூரம் வரும்? தண்ணீர் விற்கிறவளுக்கு அது தெரியாதா? உப்பளம் முடிந்து கருவேலங்காடு வந்த பிறகும் பின்னால் ஊற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கேன்கள் எல்லாம் காலி. நானே கவிழ்த்து வைத்தவை. "டீச்சர், சத்தம் கேக்குதா?" என்றேன். "ரோட்டப் பார்த்து ஓட்டு" என்றீர்கள். உங்களுக்கும் கேட்டிருக்கிறது, டீச்சர். கேட்காதவர் என்ன சத்தம் என்றுதான் கேட்டிருப்பார்.

அப்போதுதான் பிள்ளையின் கீச்சு நின்றது.

பின்னால் ஊற்றுகிற சத்தமும் அதோடு நின்றது. முனீஸ்வரி, "டீச்சர், பால விட்டுட்டான்" என்றாள். என் கால் பிரேக்குக்குப் போனது. "நிறுத்தாத" என்று என் தொடையில் அறைந்தீர்கள். பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டினீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தீர்கள். 'சே' என்று பாதி வந்தது. சட்டென்று பல்லைக் கடித்து நிறுத்திக்கொண்டீர்கள். அந்தப் பெயரைச் சொன்னால் யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும், "முனீசு மகனே, முனீசு மகனே, இங்கன பாரு" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டு வந்தீர்கள். அம்மா பெயரைக் கொக்கியாக மாட்டி இழுத்தீர்கள். பிள்ளை ஒரு தடவை விரலை மடக்கியது. அந்த ஒரு மடக்கலை நம்பித்தான் நான் வண்டியை விரட்டினேன்.

ரத்தத்தில் உப்பு ஏறியிருக்கிறது என்றார்கள். அதை அவசரமாக இறக்க முடியாது, மூளை வீங்கிவிடும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும், அதற்குள் வலிப்பு வந்தால் ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார்கள். நீங்கள் வீட்டுக்குப் போகவில்லை. மல்லிகைப்பூ வாடிக் கருத்துத் தலையில் ஒட்டிக் கிடந்தது. பவுடர் இல்லாத உங்கள் முகத்தை அங்கேதான் முதல்முறை பார்த்தேன், வயது தெரிந்தது. முனீஸ்வரியை எல்லார் முன்னாலும் திட்டியதற்கு நீங்கள் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் இட்லி வாங்கிவந்து, அவள் பிள்ளையை விட்டுக் கையை எடுக்க மறுத்ததால், பிட்டுப் பிட்டு அவள் வாயில் வைத்தீர்கள்.

ராக்கு வராந்தாச் சுவரில் சாய்ந்து, காலிச் செம்பை மடியில் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளை கண் விழித்துச் சாதாரணப் பிள்ளைபோல, மூக்கு ஒழுக, கண்ணீர் வழிய, பசிக்கு அழுத நாளில் அவள் உங்களிடம் வந்தாள்.

"டீச்சர், இவன் குடிச்சது உப்பாலன்னு டாக்டர் சொல்லிட்டாரு. சரி. அப்ப இத்தன வருசமா எங்க வாசல்ல குடிச்சது யாரு?"

"அது எனக்குத் தெரியாது ராக்கு" என்றீர்கள். "இவன் இல்ல. அது மட்டும் தெரியும்."

ஊர் திரும்பிய பிறகு நீங்கள் செம்பை எடுக்கச் சொல்வீர்கள் என்று தெருவே எதிர்பார்த்தது, சண்டைக்குத் தயாராக இருந்தது. நீங்கள் வரிசையை மட்டும் மாற்றினீர்கள். கைப்பிள்ளை உள்ள வீட்டில் நல்ல தண்ணீர் முதலில் பிள்ளைக்கு, பிறகு பெரியவர்களுக்கு, மிச்சம்தான் வாசலுக்கு. வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர், "செத்தவனுக்கே ரேஷன் போட்டுட்டாக டீச்சர்" என்று கிண்டல் செய்தார். "நீ போனா உனக்குக் கார்டும் கிடையாது, போ" என்றீர்கள். என் பங்குக்கு நான் ஒரு காரியம் செய்தேன். சின்னக் கேனில் சிவப்பு மூடி போட்டு, பிள்ளைத் தண்ணீர் என்று தனியாக இறக்கினேன். பிள்ளைக்குக் கலக்கவும் கரைக்கவும் அது மட்டும்தான். அதைத் தொட்டு வாசலுக்கு ஊற்றுவது ஆகாது என்று பெண்களே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். எனக்கு அதில் லாபம்தான், மறைக்கவில்லை. அதன் பிறகு கரைத் தெருவில் எந்தப் பிள்ளையும் அப்படிக் கீச்சிட்டு நான் கேட்டதில்லை.

நீங்களும் மாறினீர்கள். காய்ச்சு என்று சொல்வதற்கு முன்னால் "எந்தத் தண்ணி?" என்று கேட்க ஆரம்பித்தீர்கள். பிள்ளை இருக்கிற வீட்டைத் தாண்டும்போது உள்ளே போகக்கூட மாட்டீர்கள். வாசலில் நின்று அந்தக் கேள்வியை எறிவீர்கள். அடுப்படியிலிருந்து பதில் வந்தால், "சரித்தா" என்று நகர்ந்துவிடுவீர்கள்.

இரண்டு வருஷத்துக்கு முந்திய மழைக்காலத்தில், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த அம்மா எழுந்திரிக்கவில்லை என்று உங்கள் மகன் போன் செய்தார். கரைத் தெருப் பெண்களை என் வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் வந்தேன். சேதுவும் வந்தான். பள்ளிக்கூட டவுசரோடு உங்கள் கால்மாட்டில் நின்றான். ராக்கு உங்கள் மருமகளிடம் மெதுவாகக் கேட்டாள், "கடைசியில தண்ணி ஏதும் கேட்டாகளா?" இல்லை என்றதும் அவள் முகம் மாறியது. அன்று சாயங்காலம் தெருவுக்குத் திரும்பினால், கடலில் ஆளைப் பறிகொடுக்காத வீடுகளின் படிகளிலும் செம்பு. "அவுக கடல்ல போகலியே, கடலப் பார்த்தாலே ஓடுவாகளே" என்றேன். "எம்புட்டு நடந்திருக்காக இந்தத் தெருவுல. தாகமா இருக்காதா?" என்றாள் முனீஸ்வரி.

இனி போன வாரம் நடந்தது. தெருக் கடைசி வீட்டுக்குத் தேனிப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண் ஒருத்தி, கைப்பிள்ளைக்காரி. நீங்கள் போன பிறகு இந்த ஊருக்கு வந்தவள். உங்களைப் பார்த்ததே இல்லை. கேன் இறக்கப் போனபோது பிள்ளைக்கு வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"இப்பத் தேவலைக்கா. அந்தம்மா வந்து கேட்டுட்டுப் போனாங்களே."

"எந்தம்மா?"

"யாருன்னு தெரியலக்கா. விளக்குப் பொருத்துற நேரம். நான் அடுப்படியில பொடி கலக்கிட்டு இருந்தேன். வாசல்ல நின்னு, எந்தத் தண்ணின்னு கேட்டாங்க. அவசரத்துல பானையில இருந்த அடிபம்புத் தண்ணியத்தான் எடுத்திருந்தேன். கேட்டதும் என்னமோ சுருக்குன்னுச்சு. கீழ கொட்டிட்டு, சிவப்பு மூடிக் கேன்லதான் டீச்சர்னு சொன்னேன். 'சரித்தா'ன்னாங்க. வெளிய வந்து பார்த்தா ஆளக் காணோம். பவுடர் வாசம் மட்டும் கும்முன்னு அடிச்சுது."

"பக்கத்து வீட்டுக்காரியா இருக்கும்" என்றேன்.

"இருக்கும்க்கா. ஆனா நான் ஏன் டீச்சர்னு சொன்னேன்னுதான் தெரியல."

மாமியார் கதை கதையாகச் சொல்லியிருப்பாள், அது மனதில் தங்கி வாயில் வந்திருக்கும். நான் அப்படித்தான் முடிவு செய்து வைத்திருக்கிறேன். நான் சரக்கைப் பார்க்கிறவள். சரக்கு இதுதான்: பிள்ளை பிழைத்திருக்கிறது. அது யார் கேட்டதால் என்று தெரிந்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான், டீச்சர். புதிதாக வந்திருக்கும் அங்கன்வாடிப் பெண் நல்லவள், ஆனால் நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விடுகிறாள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு நான்தான் கடைசிச் சுற்றுக் கேன் இறக்குகிறேன். பிள்ளை இருக்கிற வீட்டு வாசலில் நின்று கேட்கத் தொண்டையைச் செருமுகிறேன். பல நாட்கள் நான் கேட்க வேண்டியே இருப்பதில்லை. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே உள்ளேயிருந்து பதில் வந்துவிடுகிறது, "நல்ல தண்ணிதான் டீச்சர்" என்று. நான் டீச்சர் இல்லை என்று திருத்துவதில்லை, பூஜ்யத்துக்கு வராத உங்கள் தராசு முள்ளையும் திருத்தப்போவதில்லை. பதில் சரியாக இருந்தால் அடுத்த வீட்டுக்கு நகர்கிறேன். கேன் தூக்கிய தோளோடு ஒருவர் போகவே இடம் பத்தாத சந்து அது. இருந்தாலும் சுவரோரமாக ஒட்டித்தான் நடக்கிறேன், பக்கத்தில் ஓர் ஆள் வருவதற்கு வழிவிட்டு.